எண்ணெய் பட்ட நான்காம் நம்பர் குழாய்

1. பைஜாமா நாடாவுடன் வந்தவர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, திருப்பூர் ராயபுரத்தில் இருந்த எங்கள் நாடாக் கம்பெனி வாசலில் சர்க்கார் ஜீப் ஒன்று வந்து நின்றது. முதலாளி பொன்னுசாமி முதலில் செய்த காரியம், பின்கதவு திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்ததுதான். அந்தக் காலத்தில் சர்க்கார் ஜீப் என்றால் ஒன்று லேபர் ஆபீஸ், இல்லாவிட்டால் எக்சைஸ்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் இரண்டும் இல்லை. கண்ணாடி போட்ட, ஒல்லியான மனிதர். கையில் பழைய பைஜாமா நாடா ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார்.

"இது உங்க கம்பெனியில பின்னினதுதானே?" என்றார்.

"நம்முளுதுதானுங்க. ஏனுங்க, சாயம் போயிருச்சுங்களா?"

"இல்லை. இதே மாதிரி ராக்கெட்டுக்கு ஒண்ணு வேணும்."

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்தவரைப் பார்த்தார். "ராக்கெட்டு என்னத்துக்குங்க பைஜாமா போடுது?" என்று மரியாதையாகவே கேட்டார்.

வந்தவர் பெயர் டாக்டர் ரகுநாதன். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பீங்கான் டாக்டர். மத்திய சர்க்காரின் ஆய்வகம் ஒன்றில் வெப்பம் தாங்கும் பொருள்கள் செய்கிறவர். எந்த ஆய்வகம், எந்த ராக்கெட் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் இன்றுவரை கேட்கவில்லை.

நான் ஸ்டெல்லா. ஊத்துக்குளியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போனவள். பாபினில் நூல் சுற்றுகிற வைண்டிங்கில் சேர்ந்து, குவாலிட்டி சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன். நான் சொல்லப்போவது நடந்தபோது வைண்டிங்கும் என் பொறுப்பு, ஒவ்வொரு லாட்டுக்கும் பிராசஸ் கார்டு எழுதுவதும் என் பொறுப்பு. எந்த நூல், எத்தனை பாபின், என்ன ஸ்பீடு, எத்தனை தடவை அறுந்தது, எண்ணெய்க் கறை உண்டா இல்லையா என்பதெல்லாம் அதில் வர வேண்டும்.

நாடா மெஷினைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. வட்டமான இரும்பு மேடையில் பாம்பு போல வளைந்த தடம் வெட்டியிருக்கும். அதில் பாதி பாபின்கள் வலமாகவும் மீதி இடமாகவும் ஓடி, ஒன்றை ஒன்று தாண்டித் தாண்டிப் போகும். கோலாட்டம் ஆடுகிற மாதிரிதான். நடுவில் நூல் பின்னிக்கொண்டு மேலே ஏறும். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் நாடா. நடுவில் ஒரு அச்சை நிறுத்தினால் அதன் மேல் சட்டை போட்ட மாதிரி பின்னல் ஏறும். டாக்டருக்கு வேண்டியது இரண்டாவது.

ஏன் வேண்டும் என்பதை அவர் எங்கள் டீ சாஸரைக் கையில் எடுத்து விளக்கினார்.

"இது எவ்வளவு சூடு வேணும்னாலும் தாங்கும். ஆனா கீழே போட்டா?"

"போட்றாதீங்க, அது செட்டுங்க" என்றார் முதலாளி.

"ஒரு விரிசல் விழுந்தா அடுத்த முனை வரைக்கும் ஓடிடும். அதான் பீங்கானோட புத்தி. உள்ளே நூல் பின்னல் இருந்தா, விரிசல் ஓடி வந்து நூல்கிட்ட நிக்கும். ஆறு இன்ச் குழாய், ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். நெருப்பு அதுக்குள்ள போகும். நூல் நான் தரேன். பின்னிக் குடுத்தா போதும். அதுல பீங்கான் கரைசலை ஊத்தி, காயவெச்சு, சுடறது எங்க வேலை."

வெளிநாட்டில் இதற்கென்றே மெஷின் இருக்கிறதாம். கேட்டால் கொடுக்க மாட்டேன் என்கிறார்களாம். அதனால் பைஜாமா நாடா.

போகும்போது, "இது ரகசியம், வெளியே யாருக்கும் தெரியக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் டீ வாங்கப் போனபோது கடைக்காரர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, ராக்கெட்டு எப்பக் கெளம்புதுங்க?"

2. முடிச்சு

நூல் வந்தது. சிலிக்கா நூல். மணலை உருக்கி இழுத்தது என்றார்கள். பட்டு போல வெள்ளையாக மின்னியது. பார்க்க அவ்வளவு அழகு. தொட்டுப் பார்த்த அன்று முழுக்கக் கையைச் சொறிந்துகொண்டிருந்தோம்.

பருத்தி நூல் இழுத்தால் கொஞ்சம் நீளும், நீண்ட பிறகுதான் அறும். இது நீளவே நீளாது. சின்ன வளைவில் திருப்பினால் பட்டென்று ஒடியும். மெஷினில் நூல் வழிகாட்டும் பீங்கான் கண்களில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் போதும், அங்கே பொடியாகிக் கொட்டும்.

மெக்கானிக் சுடலைமுத்து திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் கம்பெனியில் மெஷின்களிடம் பிரியமாகவும் மனிதர்களிடம் கடுப்பாகவும் பேசுகிற ஒரே ஆள். அவர் எல்லாக் கண்களையும் மாற்றினார், ஸ்பிரிங்குகளின் இழுப்பைப் பாதியாகக் குறைத்தார், ஸ்பீடை மாட்டு வண்டி வேகத்துக்கு இறக்கினார்.

"இது நூலே இல்ல தங்கச்சி. இது பெரிய வீட்டு மருமவ. ஒரு வார்த்தை சொல்லுததுக்குள்ள ஒடிஞ்சிரும்" என்றார்.

என் பிரச்சினை வேறு. டாக்டர் முடிச்சுப் போடக் கூடாது என்று சொல்லியிருந்தார். முடிச்சு இருக்கும் இடத்தில் பீங்கான் சரியாக இறங்காது. அறுந்தால் பழைய நுனியையும் புது நுனியையும் அருகருகே படுக்க வைத்து அப்படியே பின்னலுக்குள் விட்டுவிட வேண்டும். சொல்ல எளிது. பதினோரு வருஷமாக நூல் அறுந்தால் என் விரல் என்னைக் கேட்காமலே முடிச்சுப் போட்டுவிடும். முதல் இரண்டு நாளில் நான் போட்ட முடிச்சுகளை நானே ஊசியால் பிரித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது நிபந்தனை, எண்ணெய் கூடாது. எங்கள் முதலாளிக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் டாக்டரை மிகவும் பிடித்துப்போனது. திருப்பூரில் எண்ணெய்க் கறை பட்டு ரிஜெக்ட் ஆன துணியை நினைத்து அழாத முதலாளி கிடையாது. எங்கள் ஷெட்டில் சுவருக்குச் சுவர் 'எண்ணெய்க் கையோடு தொடாதே' என்று எழுதி வைத்திருந்தார்.

சுடலைமுத்து மெஷினைக் கெரசினில் கழுவித் துடைத்தார். எண்ணெய் இல்லாத மெஷின் முதல் குழாயில் முனகியது, இரண்டாவதில் அழுதது, மூன்றாவதில் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியது.

3. நான்காம் நம்பர்

டாக்டர் கொடுத்தது மொத்தம் ஐந்து அச்சு, ஐந்து குழாய்க்கு மட்டும் அளந்த நூல். நான்காவதைப் பின்னுகிற அன்று மூன்று மணிக்கு ஜீப் வருவதாக இருந்தது.

பதினொரு மணிக்கு மெஷின் ஒரு மாதிரி இரும்பு தீய்கிற வாடை விட்டது. சுடலைமுத்து எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"வேண்டாங்கண்ணா. கறை படும்."

"தடம் இறுகிச்சுன்னா மெஷினே போச்சு. பொறவு நாடாவும் கெடையாது, ராக்கெட்டும் கெடையாது. ரெண்டே சொட்டு விடுதேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

நான் திரும்பிக்கொண்டேன். இதை மறைக்க விரும்பவில்லை. திரும்பி நின்றால் எனக்குச் சம்பந்தம் இல்லை என்று அப்போது உண்மையாகவே நினைத்தேன்.

அவருடைய ரெண்டு சொட்டு எத்தனை சொட்டு என்பது பின்னாளில் பெரிய விசாரணையாயிற்று. மெஷின் அமைதியாக ஓடியது. அரை மணி நேரத்தில் வெள்ளைப் பின்னலின் மேல் பழுப்புப் புள்ளிகள் தெறித்திருந்தன.

மாற்றிப் பின்ன நூல் இல்லை. மீதி இருந்தது ஐந்தாவதுக்கு மட்டும். நான் எங்கள் ஊர் வழக்கப்படி செய்தேன். பெட்ரோல் வாடை அடிக்கிற கறை மருந்தை ஸ்பிரே கன்னில் ஊற்றி அடித்தேன். புள்ளிகள் மறைந்தன. எனக்கு அப்போது சந்தோஷம். உண்மையில் எண்ணெய் எங்கேயும் போகவில்லை. மருந்தில் கரைந்து குழாய் முழுவதும் சமமாகப் பரவி, கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டது. கறையை எடுப்பதாக நினைத்துக் குழாய்க்கே எண்ணெய் தேய்த்து விட்டிருந்தேன்.

கார்டில் எண்ணெய் என்ற இடத்தில் 'நில்', அதாவது இல்லை, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மணிக்கு ஜீப் டிரைவர் பொட்டலத்தை மோந்து பார்த்தார். "என்னங்க, பெட்ரோல் வாடை வருது?"

"உங்க ஜீப்புலதானுங்க வருது" என்றேன்.

அவர் குனிந்து டாங்க்கைப் பார்த்துவிட்டு, "இருக்கும்" என்று ஒப்புக்கொண்டார். ஐந்தாவது குழாயை மறு வாரம் எண்ணெய் படாமல், மெஷினைக் கத்தவிட்டு முடித்துக் கொடுத்தோம்.

4. முதலாளியின் ஸ்பெஷல் குவாலிட்டி

இரண்டு மாதம் கழித்து டாக்டர் ரகுநாதன் வந்தார். ஒரு அட்டைப்பெட்டியை மேஜை மேல் வைத்துத் திறந்தார். நான்கு குழாய்களின் துண்டுகள், உடைந்த ஓடு மாதிரி. மீதி ஒன்று மட்டும் முழுசாக இருந்தது. அதுவும் அடி வாங்கியிருந்தது. பல இடத்தில் விரிசல் ஓடியிருந்தது, ஆனால் கையோடு கை கோத்த மாதிரி பிடித்துக்கொண்டு நின்றது. நிறம் மட்டும் லேசான சாம்பல்.

"எல்லாம் ஒரே கரைசல், ஒரே சூளை, சோதனைக்கு ஒரே டார்ச் நெருப்பு" என்றார். "நாலு சுக்குநூறு. இது ஒண்ணு மட்டும் உடையவே மாட்டேங்குது. நாலாம் நம்பர். இதுல என்ன பண்ணினீங்க?"

 நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி பேசிவிட்டார்.

"அது நம்ம ஸ்பெஷல் குவாலிட்டிங்க. மொத மூணுல கை பழகோணுமுல்லொ. நாலாவதுல செட்டாயிருச்சு."

"அப்ப அஞ்சாவது?"

"அது..." முதலாளி ஒரு நொடி யோசித்தார். "அன்னைக்கி கரண்டு செரியில்லீங்க."

டாக்டர் என் கார்டுகளை வாங்கி ஐந்தையும் வரிசையாக வைத்து விரலை ஓட்டிப் படித்தார். ஐந்தும் ஒரே மாதிரி இருந்தன. அவர் முகத்தில் குழப்பமும், அதைவிட என்னை வருத்திய ஒன்றும் இருந்தது. அவர் அந்தக் கார்டுகளை நம்பினார்.

"ஒண்ணு செய்யுங்க. நாலாம் நம்பர் கார்டுல இருக்கிற மாதிரியே, ஒரு மாத்தமும் இல்லாம, இன்னும் ஆறு வேணும்" என்றார்.

கார்டில் இருந்த மாதிரியே செய்தோம். எண்ணெய் நில். மெஷின் கத்தியது. ஆறு குழாய்கள், ஒரு முடிச்சு இல்லை, ஒரு புள்ளி இல்லை. என் வேலை வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான சரக்கை நான் கொடுத்ததில்லை. சுடலைமுத்து ஒரு நாள் மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, நாலாவதுல எண்ணெ விட்டம்லா. அதைச் சொல்லாண்டாமா?"

"எண்ணெய் பட்டா கெட்டுத்தான் போகும். நல்லாப் போகுமா? அது வேற காரணமா இருக்கும்ண்ணா" என்றேன். அப்படித்தான் நம்பினேன். நம்புவது சவுகரியமாகவும் இருந்தது.

ஆறும் உடைந்தன.

5. நான் சொன்னது

அடுத்த தடவை டாக்டர் வந்தபோது சரக்குக் கேட்டு வரவில்லை. அச்சுகளையும் மீதி நூலையும் எடுத்துப்போக வந்திருந்தார். முதலாளி யாரையோ பார்க்க நல்லூர் போயிருந்தார். டாக்டர் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"இதோட மூடறாங்கம்மா" என்றார். "கமிட்டியில கேட்டாங்க, பதினொண்ணுல ஒண்ணு நின்னா அது ஆராய்ச்சியா, அதிர்ஷ்டமான்னு. பதில் சொல்ல முடியலை. எனக்குக் கீழ மூணு பசங்க வேலை பாக்கறாங்க. அவங்களை வேற வேற பிரிவுக்கு மாத்திடுவாங்க. பரவால்லை. உங்க மேல தப்பில்லை. கார்டு எல்லாம் பக்காவா இருந்தது."

அந்தப் 'பக்கா'வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் இன்னும் இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

"சார், அந்தக் கார்டு பொய்ங்க" என்றேன்.

அவர் டம்ளரை வைத்தார்.

"நாலாம் நம்பர்ல எண்ணெய் பட்டுச்சுங்க. கறை மருந்து அடிச்சு மறைச்சுட்டனுங்க. நில்லுன்னு எழுதுனது நானுங்க. மெக்கானிக் மேல ஒண்ணும் இல்லீங்க. ஜீப்புல பெட்ரோல் வாடைன்னு சொன்னதும் நான்தானுங்க."

என்ன சொல்வாரோ என்று குனிந்தபடியே இருந்தேன். வேலை போகும். சர்க்கார் விஷயத்தில் பொய் எழுதினால் போலீஸ் வருமா என்றுகூட யோசித்தேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது அவர் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன எண்ணெய்? எவ்வளவு? எப்ப விட்டீங்க? மருந்து என்ன பிராண்டு? குப்பி இருக்கா?"

சுடலைமுத்துவைக் கூப்பிட்டோம். "ரெண்டு சொட்டு" என்றார் அவர். "எட்டு இருக்கும்" என்றேன் நான். "நீதான் திரும்பி நின்னியே, ஒனக்கெப்படித் தெரியும்?" என்றார். டாக்டர் எங்கள் இருவரையும் மெஷினுக்கு அழைத்துப் போய், வெறும் தண்ணீரை வைத்து அன்று விட்ட மாதிரி விடச் சொன்னார். சுடலைமுத்து விட விட எண்ணினோம். பதினாலு.

அப்போதுதான் முதலாளி உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ராக்கெட், கமிட்டி எதுவும் காதில் ஏறவில்லை.

"எண்ணெயா? என்ர கம்பெனிலயா? ஏம்மிணி, செவுரு பூரா எழுதி வெச்சிருக்கறது உன்ர கண்ணுக்குத் தெரியிலியா?"

"சார், அந்த எண்ணெய்தான் எனக்கு வேணும்" என்றார் டாக்டர்.



டாக்டர் நின்றபடியே எங்களுக்கு விளக்கினார். நூலும் பீங்கானும் ரொம்ப இறுக்கமாக ஒட்டிக்கொண்டால் இரண்டும் ஒரே பொருள் மாதிரி ஆகிவிடும். விரிசல் வந்தால் நூலையும் சேர்த்து வெட்டிக்கொண்டு ஓடும். சூளையில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன்தான் இருக்கிறது, அதனால் எண்ணெய் எரிந்து போகாமல் நூலைச் சுற்றி மெல்லிய கரியாகப் படிந்திருக்கும். அந்தக் கரி இருந்தால் நூல் கொஞ்சம் வழுக்கும். வழுக்குகிற நூலை விரிசலால் வெட்ட முடியாது, இழுக்கத்தான் முடியும். "அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன். செஞ்சு பார்த்தாதான் தெரியும்" என்றார்.

மறு வாரமே செய்து பார்த்தோம். கமிட்டியிடம் ஒரு மாத அவகாசம் வாங்கி வந்திருந்தார். மூன்று குழாய்கள். முதலாளி எண்ணெய் ஊற்றுவதைப் பார்க்க முடியாமல் வெளியே போய் நின்றுகொண்டார். முதல் குழாயில் எண்ணெய் அதிகம், அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது என்று தகவல் வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் நின்றன.

நான் ஊத்துக்குளி ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அழுதேன். எதற்கென்று சரியாகத் தெரியவில்லை. சந்தோஷம் பாதி. உடைந்த அந்த ஆறு மீதி. நான் இரண்டெழுத்துப் பொய் எழுதியிருக்காவிட்டால் அந்த ஆறும் உடைந்திருக்காது.

6. அதற்குப் பிறகு

சின்னக் கம்பெனி பெரிய காரியம் செய்தது என்று இந்தக் கதையை முடித்தால் கேட்க நன்றாக இருக்கும். நடந்தது வேறு. எங்கள் பதினாலு சொட்டை வைத்து ஆய்வகத்தில் கரிப் பூச்சுக்குத் தனியாக ஒரு முறை கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு எண்ணெயும் வேண்டாம், கறை மருந்தும் வேண்டாம். கொஞ்ச நாளில் அவர்களே ஒரு பின்னல் மெஷினும் வாங்கிவிட்டார்கள், நாங்களும் வேண்டாம். டாக்டர் ஒரு நன்றிக் கடிதம் அனுப்பினார். எதற்கு நன்றி என்பது ரகசியம் என்பதால் கடிதத்தில் அது இல்லை. முதலாளி அதைப் பிரேம் போட்டு ஆபீஸில் மாட்டினார். சரக்கு வாங்க வருகிற பையர்களெல்லாம் படித்துவிட்டு, "எதுக்குக் குடுத்தாங்க?" என்று கேட்பார்கள். "சொல்லப்படாதுங்க" என்று முதலாளி கண்ணை மூடிக்கொள்வார். அதுவே ஆர்டர் வாங்கப் போதுமானதாக இருந்தது.

சில வருஷம் கழித்து டாக்டர் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், வழியில் எங்களைப் பார்த்துவிட்டு, டிரைவரிடம் ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அந்தக் குழாய் ராக்கெட்டில் போயிற்றா என்று நான் கேட்டேன்.

"சொல்லக் கூடாதும்மா" என்றார். பிறகு சிரித்தார். "சொல்றதுக்கும் ஒண்ணுமில்லை. டிசைனையே மாத்திட்டாங்க. அந்த இடத்துல குழாயே இல்லை. பூச்சு மட்டும் வேற ஒண்ணுக்குப் போச்சு."

என் பெயரில் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. முதலாளி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு என்னைக் குவாலிட்டிக்கு மாற்றினார். "கறையை எப்படியெல்லாம் மறைப்பாங்கன்னு உனக்குத்தானம்மிணி தெரியும்" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

குவாலிட்டியில் நான் செய்த ஒரே சீர்திருத்தம், கார்டின் அடியில் ஒரு காலி இடம் விட்டது. கார்டில் கேட்காத எது நடந்திருந்தாலும் அதில் எழுத வேண்டும். யாருக்கும் பிடிக்கவில்லை. மாதக்கணக்கில் எல்லாக் கார்டிலும் அந்த இடம் வெள்ளையாகவே வந்தது. நடக்கக் கூடாதது எதுவும் நடக்காத கம்பெனி உலகத்திலேயே எங்களுடையதுதான் போல.

இப்போது வேலைக்கு வந்திருக்கிறவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். தப்பே செய்யாதீர்கள் என்று சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. நல்ல தப்பு செய்யுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். என் எண்ணெய் நூறில் தொண்ணூற்றொன்பது தடவை சரக்கைக் கெடுக்கத்தான் செய்யும். எது அந்த ஒரு தடவை என்பது செய்கிற நேரத்தில் நமக்குத் தெரியாது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். நான் கற்றுக்கொண்டது அவ்வளவே.

அந்தக் காலி இடத்தில் முதன்முதலாக எழுதியது சுடலைமுத்துதான். ஒரு நாள் மத்தியானம் கார்டோடு என் மேஜைக்கு வந்து நின்றார்.

"தங்கச்சி, எட்டாம் மெஷின் பெல்ட்டு அந்து, அரை மணி நேரம் கையாலதான் சுத்துனேன். நாடா நல்லாத்தான் இருக்கு. எழுதணுமா?"

"எழுதுங்கண்ணா."

"மொதலாளி ஏசுவாரே."

"ஏசுவாருங்க. எழுதுங்க."

அவர் என் பேனாவை வாங்கி, நின்றபடியே, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். முதலாளி ஏசவும் செய்தார்.